சொல்லாமல் புறப்படத் தெரியாதவர்

நேற்று டண்டினொங் ரயிலில், மழையில் நனைந்த கம்பளிக் கோட்டோடு ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அந்த ஈர மணம் மூக்கில் ஏறியதும் உங்கள் நினைவு வந்துவிட்டது. எழுபதுகளில் உங்கள் தொகுதி அலுவலகக் கதவுக்குப் பின்னால் தொங்கிய கோட்டுக்கும் இதே மணம்தான். குளிர்காலம் முடியும்வரை அது காய்ந்து நான் பார்த்ததில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இறங்கிய எனக்குத் தட்டச்சு வேலை தந்தவர் நீங்கள். "பெயரைச் சொல்லிக் கூப்பிடு" என்றீர்கள். ஒரு பாராளுமன்ற உறுப்பினரைப் பெயர் சொல்லி அழைக்க எனக்கு நா எழவில்லை. கடைசிவரை ஒன்றும் சொல்லி அழைக்காமலே சமாளித்தேன். இந்த மடலிலும் அப்படியே இருக்கட்டும்.

பஞ்சத்துக்குத் தப்பி அயர்லாந்திலிருந்து கப்பலேறிய குடும்பம் உங்களுடையது. நீங்கள் ரயில் பட்டறையில் தொடங்கி, தொழிற்சங்கத்துக்குப் போய், அங்கிருந்து மாநிலப் பாராளுமன்றத்துக்கு வந்தவர். உங்கள் அரசியலில் பாதி செத்த வீடுகளில்தான் நடந்தது. எதிர்க்கட்சிக்காரர் இறந்தாலும் முதல் ஆளாகப் போவீர்கள். "மற்ற வீடுகளில் கதவைத் தட்டவேண்டும். இங்கே அது திறந்தே இருக்கிறது" என்பீர்கள். இதில் வாக்குக் கணக்கும் உண்டு என்று நான் கேலி செய்வேன். நீங்கள் மறுத்ததில்லை.

அந்தச் சனிக்கிழமை மாலை, அடுத்த தேர்தலுக்குக் கட்சி வேட்பாளரைத் தெரிவு செய்யும் கூட்டம். உங்கள் இடத்துக்கு ஓர் இளம் வழக்கறிஞர் குறிவைத்திருந்தார். கிளை உறுப்பினர்கள் இருவர் பேச்சையும் கேட்டுவிட்டு வாக்களிப்பார்கள். எழுந்து பேசினால் நீங்கள் வெல்வீர்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அன்று பகலில்தான் சிவலிங்கம் அண்ணையின் தகப்பனாரைத் தகனம் செய்தோம். கார்த் தொழிற்சாலையில் வேலை செய்த மகனைப் பார்க்க வந்த இடத்தில் அவருக்கு மாரடைப்பு. அவருக்கு இந்த நாட்டில் வாக்கே இல்லை என்று சொன்னேன். "அதனால் என்ன?" என்று கோட்டை மாட்டிக்கொண்டீர்கள்.

தகனம் முடிந்து அண்ணை வீட்டில் சாப்பிட்டோம். நேரமாகிறது, புறப்படலாம் என்றேன். "நீ முன்னே போ. மகனுடைய கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு வருகிறேன்" என்றீர்கள். உங்கள் சனத்துக்கு அதுதான் முறை. துக்க வீட்டாரிடம் விடைபெறாமல் போவது அவமரியாதை. எங்களுக்கோ சொல்லிக்கொண்டு போவதுதான் ஆகாது. 'போட்டு வாறன்', அதாவது போய்விட்டு வருகிறேன், என்றால் அந்தத் துக்கத்துக்கே திரும்பி வருவதாகிவிடும். மெல்ல நழுவிவிடுவோம். நானும் நழுவி வந்தேன்.

கட்சிக் கூட்ட மண்டபத்தில் நான் வாசலையே பார்த்துக்கொண்டிருக்க, அண்ணை வீட்டில் நீங்கள் கையை நீட்டியிருக்கிறீர்கள். அண்ணை முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஏதோ மனத்தாங்கல் என்று நினைத்து மறுபடி கதிரையில் உட்கார்ந்தீர்கள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கை, மறுபடி அதே முகம். "உந்த மனிசன் ஏன் இன்னும் போகேல்லை? பசிக்குதோ?" என்று அண்ணையின் மனைவி இன்னொரு தட்டுச் சோறு கொண்டுவந்து வைத்தாராம். அதையும் சாப்பிட்டீர்கள். நீங்கள் மண்டபத்துக்கு வந்தபோது வாக்குகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

தோற்றீர்கள். அதோடு உங்கள் அரசியல் முடிந்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. திங்கட்கிழமை எங்கள் முறையை விளக்கியபோது என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு சிரித்த சிரிப்பில் இருமலே வந்துவிட்டது. "அப்படியென்றால் மகனுக்கு என்மேல் கோபமில்லையா? நல்லது" என்றீர்கள். உங்களைக் கேலி செய்வதை அன்றோடு விட்டேன்.

உங்கள் இறுதிப் பூசைக்குச் சிவலிங்கம் அண்ணையும் வந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது, கையில் தடி. உங்கள் மனைவி தேவாலய வாசலில் நின்றார். அண்ணை தடியை என்னிடம் தந்துவிட்டு, அவருடைய இரண்டு கைகளையும் பிடித்து, எல்லோருக்கும் கேட்கும்படி தமிழிலேயே சொன்னார்: "போட்டு வாறன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னண்ணை, செத்த வீட்டிலை..."

"அந்த மனிசன் என்னட்டைச் சொல்லிப்போட்டுப் போகவெண்டுதானே பிள்ளை அவ்வளவு நேரம் இருந்தது. அவரிட்டை நான் சொல்லாமல் போறதோ?"

அன்று முதல் நானும் எந்தச் செத்த வீட்டிலிருந்தும் சொல்லாமல் புறப்படுவதில்லை. நம் சனம் ஒரு மாதிரிப் பார்க்கிறது. பார்க்கட்டும்.