கற்குவியலுக்கு மேலே

திஸ்லூமத், அட்லஸ் மலை
மார்ச் 4

அன்புத் தம்பி பஸ்ஸூ,

நீ அனுப்பிய பேரீச்சம்பழம் வந்தது. அம்மா ஒன்றைக்கூட யார் கண்ணிலும் காட்டவில்லை.

நான் ஊராட்சித் தலைவி என்பதால் உன் அரசு அலுவலகத்திலிருந்து சுரங்க உரிமத்தின் வரைவு என் கருத்துக்கு வந்திருக்கிறது. எழுதியது நீ என்று பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். 'எல்லைக் கற்குவியலுக்கு மேலே உள்ள நிலம் கம்பெனிக்கு' என்று போட்டிருக்கிறாய். குவியல் இப்போது ஊற்றுக்குக் கீழே இருக்கிறதடா! விடுதியில் படித்த நீ கோடை விடுமுறைக்கு மட்டும்தான் வருவாய். அப்போது மேய்ச்சல் திறந்திருப்பதால் அது உச்சியில் இருக்கும். குளிர்காலத்தில் மேய்ச்சல் நிலத்தை மூடும்போது கீழே இறக்கிவிடுவோம். இப்படியே விட்டால் ஊற்றும் புல்லும் அவர்களுக்குத்தான். ஏதாவது செய்.

உன் அக்கா
இஜ்ஜா

மார்ச் 9

அக்கா,

ஊற்றைக் காப்பாற்றத்தான் அப்படி எழுதினேன். வெட்கமாக இருக்கிறது. திருத்தக் கேட்டேன், கம்பெனி விடவில்லை. மேலதிகாரியும் அவர்கள் பக்கம். இருபதாம் தேதி காயித்தும் கம்பெனி மேலாளரும் நானும் எல்லையைச் சரிபார்க்க வருகிறோம். வட்டார அதிகாரியான காயித் முன்னால், அன்று குவியல் எங்கே இருக்கிறதோ அதைத்தான் நான் எழுதியாக வேண்டும். இதற்கு மேல் என்னைக் கேட்காதே.

பஸ்ஸூ

மார்ச் 21

என் தங்கத் தம்பிக்கு,

உன் கடிதத்தை மறுபடி மறுபடி படித்த பிறகுதான் புரிந்தது. ஊர்க்கூட்டத்தில், மேய்ச்சலை முன்கூட்டியே திறக்கலாம் என்றேன். புல் விரலளவுகூட வளரவில்லை, ஆடு மண்ணையா தின்னும் என்று ஹம்மூ சித்தப்பா சண்டைக்கே வந்தார். ஊற்று வேண்டுமா புல் வேண்டுமா என்று கேட்டதும் அவரே முதல் கல்லைத் தூக்கினார். பெண்கள் எல்லோரும் பாடிக்கொண்டே அத்தனை கல்லையும் உச்சிக்குக் கொண்டுபோனோம்.

மறுநாள் குவியலை உச்சியில் கண்டு மேலாளர் கத்தியபோது காயித் என்னை முறைத்தார்.

"நேத்து மேய்ச்சல் தொறந்தோம் ஐயா. தொறந்தா குவியல் மேலதான் போகும். எங்க பாட்டன் காலத்துலேர்ந்து அப்படித்தான்" என்றேன்.

நீ யாரோ போல என் முகத்தைப் பார்க்காமலே எழுதினாய். ஆனால் கிளம்பும்போது மேலாளர் பார்க்கப் பார்க்க ஒரு கல்லை எடுத்துக் குவியலில் வைத்தாயே, எனக்கு அழுகை வந்துவிட்டது. உனக்கு ஒன்றும் ஆகிவிடாதே?

இஜ்ஜா

மே 2

அக்கா,

ஊற்று இல்லாத உச்சி வேண்டாம் என்று கம்பெனி உரிம மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. எல்லோருக்கும் சொல்.

என்னைத் தென்கோடிப் பாலைவன அலுவலகத்துக்கு மாற்றிவிட்டார்கள். அந்தக் கல்லைப் பற்றி விசாரித்தார்கள், நான்தான் வைத்தேன் என்றேன். அங்கே கோடையில் விடுமுறை கிடையாதாம், குளிர்காலத்தில்தான்.

குவியலைக் கீழே இறக்கும் நாளை முன்பே எழுது. நான் அதைப் பார்த்ததே இல்லை.

உன் தம்பி
பஸ்ஸூ