மிதவைச் சட்டையின் வார்

பாய்,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். போன ஞாயிறு ஏலகிரி ஏரியில் மகளோடு பெடல் படகில் ஏறும்போது நான் இரண்டு மிதவைச் சட்டை போட்டுக்கொண்டேன். ஒன்றை முன்பக்கமாக, இன்னொன்றைப் பின்பக்கமாக. படகுக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மகள்தான், "ஆமை மாதிரி இருக்கப்பா" என்றாள். ஈரம் காயாத சட்டையின் ரப்பர் வாடை மூக்கில் ஏறியதும் நீ வந்துவிட்டாய். நீ எங்களை விட்டுப் போய் நான்கு வருடம் ஆகிறது.

தொண்ணூறுகளின் கடைசியில் நார்வேக்காரர் ஒருவர், ஷூவின் மேல்தோலைக் கையால் தைக்கச் சொல்லிக்கொடுக்க ஆம்பூர் ஷூ கம்பெனியிலிருந்து நம் இருவரையும் இரண்டு மாதத்துக்கு அழைத்தார். உன் தெருவே ஸ்டேஷனுக்கு வந்து மாலை போட்டு அனுப்பியது. போன பிறகுதான் தெரிந்தது, பட்டறை இருப்பது ஒரு தீவில் என்று. தினமும் அவருடைய சின்னப் படகில், பாறைகளுக்கு நடுவே முக்கால் மணி நேரம் போக வேண்டும். நீ படகுத்துறையிலேயே உட்கார்ந்துவிட்டாய்.

"எனுக்கு தண்ணி ஆவாதுடா. தைக்கச் சொல்லு, எவ்ளோ வேணா தைக்கிறேன். இதுல ஏற மாட்டேன்."

"ஏறலன்னா திருப்பி அனுப்பிடுவாங்க பாய். போட்ட மாலை வாடறதுக்குள்ள ஆம்பூர்ல போயி நிப்பியா?"

"பேஜார் பண்ணாதடா."

உன் கண் கலங்கிவிட்டது. கிண்டலை விட்டுவிட்டு, வாயில் வந்த பொய்யைச் சொன்னேன். "காவேரிப்பாக்கம் ஏரிய இக்கரைலேர்ந்து அக்கரைக்கு நீந்தினவன் நான். நீ வுழுந்தா தூக்க மாட்டனா?" அந்த ஏரியில் நான் கால் கழுவியதோடு சரி.

நீ நம்பி ஏறினாய். என் மிதவைச் சட்டையின் முதுகு வாரைப் பிடித்த கையை, கரை சேரும்வரை எடுக்கவில்லை. மறுநாளும் அப்படித்தான்.

ஒரு வாரம் கண்ணை மூடிக்கொண்டு வந்தாய். அப்புறம் ஒரு கண்ணைத் திறந்தாய். இரண்டு பக்கமும் மொட்டைப் பாறைகள் நேராகத் தண்ணீருக்குள் இறங்கின; இடுக்குகளில் சிவப்பு மர வீடுகள் நின்றன. படகு மெதுவாக வளைந்து வளைந்து போகும். "நம்ம வேலூர் மலைங்கள கழுத்து வரைக்கும் தண்ணில நிக்க வெச்சாப்ல இருக்குடா" என்றாய். அதைவிடச் சரியாக அந்த ஊரை யாராலும் சொல்ல முடியாது. ஒரு நாள் பாறைமேல் படுத்திருந்த கடல்நாய் தலையைத் தூக்கி நம்மை முறைத்தது. "சூப்பர்வைசர் இங்கியும் வந்துட்டாரு பாரு" என்று நீ சொன்னதில் நான் சிரித்த சிரிப்புக்குப் படகே ஆடியது. அப்போதும் நீ வாரை விடவில்லை.

ஊர் திரும்ப ஒரு நாள் இருக்கும்போது கேட்டேன், "இன்னா பாய், இன்னுமா பயம்?"

"எனுக்கா? எனுக்கு எப்பவோ போய்ட்சு. நீ நீந்தின கதை பொய்யின்னு மொத நாளே தெரியும்டா. படகு நகர்ந்ததும் பரமண்டல ஜெபத்த ஆரம்பிச்ச பாரு. நீந்தத் தெரிஞ்சவனுக்கு அவ்ளோ ஜெபம் எதுக்கு?"

"அப்புறம் ஏன் தெனம் புடிச்சிகினே வந்த?"

"நீ வுழுந்துடுவியேன்னுதான்."



இப்போதெல்லாம் கூட்டமான பஸ்ஸில் யாராவது தடுமாறினால் என் கை தானாக அவர்கள் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்கிறது. சிலர் முறைக்கிறார்கள். நான் விடுவதில்லை. உன்னிடமிருந்து வந்த பழக்கம்.

அந்த இரண்டு மாதத்தில் படகில் நீ வாரை விட்டது ஒரே ஒரு முறை. கடைசி நாள், துறையில் கட்டியிருந்த படகில் நம்மை நிற்க வைத்து அந்த நார்வேக்காரர் போட்டோ எடுத்தார். கையை உயர்த்திக் காட்டச் சொன்னார். நீ உயர்த்தினாய். போட்டோ நன்றாக வந்திருக்கிறது. நீ சிரிக்கிறாய். பக்கத்தில், என் முகம் இருக்க வேண்டிய உயரத்தில், என் ஷூவின் அடிப்பக்கம் இருக்கிறது.