நிறைகுடம்

1952 பிப்ரவரி 9

‘முன்னோர் வாழ்வு’ கேள்வி-பதிலுக்கு இந்த வாரமும் எட்டுக் கடிதம். பத்திரிகை ஆசிரியர் திரவியம் என் தலையில் கட்டிய சனியன் இது. முந்நூறு வருஷத்துக்கு முன்னால் எதைக் கொண்டு பல் தேய்த்தார்கள் என்று ஒருத்தன் கேட்கிறான். தேய்த்தார்களா என்றல்லவா கேட்க வேண்டும்! தன் வீட்டு உலை கொதிக்கிறதா என்று பார்க்கத் துப்பில்லை, பழங்காலத்து அடுக்களையை எட்டிப் பார்க்க வேண்டுமாம்.

பிப்ரவரி 16

பக்கம் அச்சேற வேண்டும், நாலு வரி குறைகிறது. “எதையாவது எழுதும்வே கோலப்பன். செத்தவன் எந்திரிச்சு வந்து இல்லேன்னு சொல்லப் போறானா?” என்றார் திரவியம். எழுதினேன்: அந்தக் காலத்தில் மணப்பெண் ஆற்றில் நிறைகுடம் மொண்டு, இடுப்பில் வைத்துப் பேசாமல் நடந்துதான் புகுந்த வீடு ஏறுவாள். ஒரு துளி சிந்தினாலும் மூன்று மாதம் பிறந்த வீட்டிலேயே இருக்க வேண்டும். முட்டாள்கள் நம்பட்டும்.

மார்ச் 3

நம்பிவிட்டார்கள். அந்தக் குடம் தம் வீட்டில் இன்னும் இருப்பதாக ஒரு மகானுபாவர் எழுதியிருக்கிறார். தூ!

ஏப்ரல் 6

மகள் மங்கலத்துக்கு வரன் திகைந்தது. ஊர் கரமனை. மாப்பிள்ளை பூதலிங்கம், கோர்ட்டில் குமாஸ்தா. சின்ன வயதுக் காய்ச்சலில் சூம்பிப்போன அவள் இடது காலைப் பார்த்துவிட்டுத்தான் சரி என்றான். ஐந்து வருஷ அலைச்சல். இன்று யாரையும் திட்டத் தோன்றவில்லை.

ஏப்ரல் 20

மாப்பிள்ளையின் அம்மா பகவதியம்மாள் பத்திரிகைத் துண்டைக் கத்தரித்து மடியில் வைத்திருக்கிறாள். “பொண்ணு ஆத்திலேருந்து குடம் எடுத்துத்தான் வரணும், சம்பந்தி. நம்ம பழைய முறையாக்கும்.” என் நாலு வரி! என் பிள்ளை நொண்டி நடக்கிறவள் — சிந்தாமல் எப்படி வருவாள்?

ஏப்ரல் 21

பகவதியம்மாளிடம் போய்ச் சொன்னேன், அது நான் கட்டிவிட்ட பொய் என்று. “அச்சிலே வந்தது பொய்யாகுமா? எங்க மாமியாரும் குடம் சுமந்துதான் வந்தாளாம். இப்பத்தான் ஞாபகம் வருது” என்கிறாள். அச்சில் மறுப்புப் போடச் சொன்னேன். “பேப்பர் படுத்துப் போகும்வே” என்றார் திரவியம். தைரியசாலி!

ஏப்ரல் 25

மங்கலத்திடம் எல்லாம் சொன்னேன். நான் வாசகர்களைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள்.

மே 8

கல்யாணம் முடிந்தது. நான் தடுத்தும் கேளாமல் மங்கலம் குடத்தை எடுத்தாள். இரண்டாவது வீடு தாண்டுவதற்குள் புடவை நனைந்துவிட்டது. பகவதியம்மாள் வாசலில் நின்று தரையில் விழுந்த துளிகளையே பார்த்தாள். மங்கலம் படிவரை வந்தாள், குடத்தைச் சரித்தாள், மிச்சத் தண்ணீர் முழுதும் காலில் விட்டுக் கழுவினாள்.

“கால் கழுவிட்டுத்தானே ஏறணும், அத்தே? அதுக்குத்தான் தண்ணி. சிந்தினா தோஷமில்லே. மிச்ச முறை அடுத்த வாரம் பேப்பர்ல வரும். அப்பாதானே எழுதுவாங்க.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். “ஆமா, இடமில்லாம விட்டுப்போச்சு” என்றேன். பகவதியம்மாள் வழிவிட்டாள்.

மே 10

எழுதினேன். நாலே வரி. வாசலில் குடத்தைச் சரித்துக் கால் கழுவி ஏறுவதே முறை; வழியில் சிந்தினால் தோஷமில்லை.

ஜூன் 8

ஆரியசாலையில் ஒரு கல்யாணம். மங்கலமும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். புதுப்பெண் வாசலில் குடத்தைச் சரித்துக் கால் கழுவினாள். இது என்ன என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டேன். “இதுகூடத் தெரியாதா அண்ணாச்சி? நம்ம பழைய முறையாக்கும்!”

“அப்பாவுக்குப் பழைய காலத்தைப் பத்தி ஒண்ணுமே தெரியாது” என்றாள் மங்கலம். கல்யாணத்துக்குப் பிறகு என்னைப் பற்றி அவள் பேசியது இதுதான். நான் மறுக்கவில்லை.