ஆளையே புரட்டிப் போட்ட படம்

அன்புள்ள எவரிஸ்தோ,

நலம்தானே? முழங்கால் வலி குறைந்ததா? வேலைக்காக வந்த இந்த மாட்ரிட் நகரத்துக் குளிருக்கு நான் பழகிவிட்டேன்.

புதன்கிழமை பாதி விலை டிக்கெட்டில் அலுவலகத் தோழிகளோடு படம் பார்த்தேன். வெளியே வந்ததும் பெகோன்யா, "எப்படிடீ இருந்துச்சு?" என்றாள்.

"பரவாயில்லை."

"அடிப்பாவி! நாங்க அழுது மூக்கே வீங்கிப்போச்சு, உனக்குப் பரவாயில்லையா?"

எல்லோரும் சிரித்தார்கள். அது உன் வார்த்தை. நமக்குக் கல்யாணமான இந்த இருபது வருடமாக எந்தப் படத்துக்கும் நீ அதைத்தான் சொல்லிவந்தாய். இப்போது கிராசியேலாவோடு பார்த்த படம் ஆளையே புரட்டிப் போட்டுவிட்டது என்று எழுதியிருக்கிறாய். அவள் என் கல்லூரித் தோழி. அப்படிப் பேசுகிறவள் அவள்தான்.

என் பழுப்பு ஸ்வெட்டரை அனுப்பு. தபால் நிலையத்தை மூடிவிடுவார்கள், முடிக்கிறேன். ஜூலையில் நான் வரும்வரை அவளோடு மோசமான படங்களுக்கு மட்டும் போ.

உன்
மத்தில்தே