முருகனுக்குக் கொடுக்காத முடி

மண்ணூர்

அன்பு மகள் காவேரிக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் இங்கே நலம், நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் நலமாக இருக்க வல்லக்கோட்டை முருகன் துணை. நலம் என்று வழக்கத்துக்கு எழுதவில்லை கண்ணு, நேற்று கருவாட்டுக் குழம்பு ஊற்றி இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். போனில் பேசினால் நீ அழுகிறாய், உடனே உன் அப்பா போனைப் பிடுங்கிக்கொள்கிறார், அதனால்தான் கனடா கிளம்பும் உன் மாமா மகன் லோகேஷிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உன் அத்தை மகள் எழிலரசி கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. அதற்கு முதல் நாள் உன் மஞ்சுளா அத்தை வந்து, மருந்தில் முடி கொட்டின என் தலையைப் பார்த்துவிட்டு, "இன்னா அண்ணி, இப்டியேவா மண்டபத்துக்கு வருவ? சந்தனத்தப் பூசிக்கினு வல்லக்கோட்டைல மொட்டை போட்டேன்னு சொல்லிடு, சம்பந்தி வூட்டுக்காரங்க இன்னா நெனப்பாங்க" என்றாள். உன் அப்பாவும் தலையாட்டினார். எனக்கு வந்ததே கோபம். முருகனுக்கு நான் ஒரு முடிகூடக் கொடுக்கவில்லை, அவன் பெயரைச் சொல்லிப் பொய் சொல்வேனா? நான் என்ன திருடிவிட்டா வந்தேன்? பட்டுப்புடவை கட்டி, தலையில் துணிகூடப் போடாமல் முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன். எழிலரசி மாப்பிள்ளையின் அம்மா எந்தக் கோயில் வேண்டுதல் என்று கேட்டார். வேண்டுதல் இல்லைங்க, சினைப்பையில் கேன்சர், ஆபரேஷன் ஆகிவிட்டது என்றேன். மஞ்சுளா முகம் செத்துப்போயிற்று. தாலி என்னவோ நேரத்துக்குத்தான் ஏறியது. பந்தி முடிந்ததும் அந்த அம்மாளே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, முதலில் எப்படித் தெரிந்தது என்று மெதுவாகக் கேட்டார்.

அவரிடம் சொன்னதை உனக்கும் சொல்கிறேன். கம்பெனியில் பேக்கிங் டேபிளில் என் வயிறு இடிக்க ஆரம்பித்தது. நாலு வாய் சாப்பிட்டாலே நிறைந்துவிடும், அடிக்கடி பாத்ரூம் வரும். லைனில் இருக்கும் திருநெல்வேலிப் பெண் முத்துச்செல்வி, "யக்கா, மாசமா இருக்கியளா" என்று கிண்டல் பண்ணினாள், நானும் சிரித்தேன். கேஸ் மாத்திரை போட்டேன், ஓமத்தண்ணி குடித்தேன், ஜாக்கெட்டைப் பிரித்துத் தைத்தேன். உன் பெரியம்மாவும் இப்படி வயிறு உப்பித்தான் போனாள், அவளுக்கு வந்ததை வயிற்றுக் கட்டி என்று சொல்லி மூடிவிட்டார்கள். யாராவது வாயைத் திறந்திருந்தால் நான் ஓமத்தண்ணி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேனா?

இந்த நோய் வந்தவர்களில் ஐந்து வருஷம் தாண்டுகிறவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கை நீ இணையத்தில் பார்த்து அழுததாக மாப்பிள்ளை சொன்னார். நானும் டாக்டரம்மாவிடம் நேராகவே கேட்டேன். வயது, நோய் எவ்வளவு பரவியிருக்கிறது, ஆபரேஷனில் எவ்வளவு எடுக்க முடிந்தது, மருந்து கேட்கிறதா, இதெல்லாம் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார். எனக்கு மூன்றாவது ஸ்டேஜ், அது நல்ல செய்தி இல்லை. ஆனால் கண்ணுக்குத் தெரிகிற கட்டி ஒன்றுகூட உள்ளே விடாமல் எடுத்துவிட்டார்கள், மருந்தும் கேட்கிறது. திரும்பி வரலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார். வந்தால் வரட்டும், அதையும் ஒரு கை பார்க்கிறேன். அந்தக் கணக்கைப் போட்டவர்கள் இந்த அம்சவல்லியைப் பார்த்ததில்லை.

இப்போது உன் விஷயம். என் ரத்தத்தில் ஜீன் கோளாறு இருக்கிறது, அது உனக்கும் வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. வந்திருந்தாலும் நோய் வந்தே தீரும் என்று இல்லை, முன்னாலேயே தெரிந்தால் பார்த்துக்கொள்ளலாம். உன் மாமியார் ஒரு குழந்தை பிறக்கட்டும், இதை இப்போது எதற்குக் கிளற வேண்டும் என்கிறாராம். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் உன் பெரியம்மா வாயை மூடினவர்களும் நல்லவர்கள்தான். நீ டெஸ்ட் எடு. எனக்குப் பயமாக இருக்கிறது காவேரி, என்னை நினைத்து இல்லை, உன்னை நினைத்துத்தான்.

தலையில் இப்போது பூனைமுடி மாதிரி முளைத்திருக்கிறது. உன் அப்பா காலையில் தடவிப் பார்த்துச் சிரிக்கிறார். தோள் வரை வளரட்டும், வல்லக்கோட்டைக்குப் போய் நிஜமாகவே மொட்டை போடப்போகிறேன். மருந்து பிடுங்கிக்கொண்டது காணிக்கையில் சேராது, நானாகக் கொடுக்க வேண்டும். அன்றைக்கு நீ பக்கத்தில் நிற்க வேண்டும். அதுவரை, இன்னும் எத்தனை வருஷம் என்று டாக்டரைக் கேட்காதே. முடி எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று என்னைக் கேள்.

நீயும் மாப்பிள்ளையும் நூறு வயது நிறைவாக வாழ ஆசீர்வாதம். காதை மூடித் தொப்பி போட்டுக்கொள். டெஸ்டை மறக்காதே, நீ மறந்தாலும் நான் விடப்போவதில்லை.

உன் மொட்டை அம்மா,
அம்சவல்லி பலராமன்