காரீயம் குடித்த எலிகளுக்கு நீங்கள் கொடுத்த நெல்லிக்காய்

என் கனி அக்காவுக்கு,

நீங்கள் கண்ணை மூடி மூன்று மாதமாகிறது. பாளையங்கோட்டையில் நம் கல்லூரியின் எலி அறைக்கு உங்கள் இடத்தில் புது ஆள் வந்துவிட்டார். கூண்டுகளைச் சுத்தமாகத்தான் வைக்கிறார், ஆனால் எலிகளோடு பேசுவதில்லை. எனக்கு அந்த அமைதி பிடிக்கவேயில்லை.

உங்களை நினைத்தால் அந்த நாள்தான் முன்னால் வருகிறது. என் முனைவர் பட்ட ஆய்வுக்காக எலிகளுக்குத் தண்ணீரில் காரீயம் கலந்து கொடுத்தோம். பாதி எலிகளுக்கு மட்டும் நெல்லிக்காய்ச் சாறும் உண்டு. காரீயம் நரம்பைக் கெடுக்கும். நெல்லியில் உள்ள ஆன்டிஆக்சிடென்ட் சத்து அதைத் தடுக்குமா என்று பார்க்கவேண்டும். மெல்லிய கம்பின்மேல் நடக்கவிட்டால் இரண்டு கூட்டமும் ஒரே மாதிரி நடந்தன. நெல்லிக்காயால் பயனில்லை என்று எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் மேசையோரம் வந்து நின்றீர்கள். "ஏட்டி, நெல்லிக்கா மேல பழி போடாத. சாறு குடுக்காத எலியளுக்கும் நான் தெனமும் நெல்லிக்காய நறுக்கிப் போட்டேன்."

"எதுக்குக்கா?" என்று கத்தினேன்.

"ஒங்க அத்தான் பேட்டரிப் பட்டறையில காரீயம் உருக்குதாரு. தம்ளரப் பிடிச்சா கை நடுங்குது. அந்த எலியளப் பாத்தா அவரு நெனப்புதான் வருது. மனசு கேக்கல."

மாதக்கணக்கான உழைப்பு பாழாய்ப் போச்சே என்று வாய்க்கு வந்தபடி ஏசினேன். நீங்கள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. உங்களுடையது தற்காலிக வேலை வேறு. அப்படியும் நீங்களே போய்ப் பேராசிரியரிடம் சொன்னீர்கள். என்ன நெஞ்சுரம் அக்கா உங்களுக்கு!

மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். இம்முறை சாறில்லாத எலிகள் விழுந்துகொண்டே இருந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டு எண்ணினீர்களே தவிர, ஒரு துண்டுகூடப் போடவில்லை. நெல்லிச்சாறு குடித்தவை எவ்வளவோ பரவாயில்லை.

"அப்ப நெல்லிக்கா போதும்லா?" என்று கேட்டீர்கள்.

"கொறைக்குதுக்கா, முழுசாத் தடுக்கல. அதுவும் எலிக்கு. முதல்ல காரீயத்த விட்டு வெலகணும்."

அந்த வாரமே அத்தானை வேலையை விட வைத்தீர்கள். பிழைப்புக்கு என்ன செய்வீர்கள் என்று நான் கேட்கக்கூட இல்லை. கேட்டிருக்கவேண்டாமா?

போன வாரம் பேருந்து நிறுத்தத்தில் அத்தானைப் பார்த்தேன். பட்டறையில் திரும்பக் கூப்பிடுகிறார்களாம். "தெனமும் நெல்லிக்கா தின்னுதேன்லா, காரீயம் என்ன செஞ்சிரும்? நீதானம்மா கண்டுபிடிச்ச!" என்று சிரித்தார். எனக்கு வந்ததே கோபம்!

"அது பாதிதான் அத்தான். ஒங்களக் காப்பாத்துனது நெல்லிக்கா இல்ல, அக்காதான்!" என்று எல்லார் முன்னாலும் சத்தம் போட்டுவிட்டேன். அவர் கைப்பிடியைப் பற்றிப் பேருந்தில் ஏறினார்.

பிடி நடுங்கவில்லை அக்கா. நான் பார்த்தேன்.

வருகிற ஞாயிறு கோயிலில் ஆராதனை முடிந்ததும் அவர் வீட்டில் போய் உட்காரப்போகிறேன். பட்டறைக்குப் போகமாட்டேன் என்று அவர் சொல்லும்வரை எழுந்திருக்கமாட்டேன். நீங்கள் மீட்ட கையை மறுபடி காரீயம் தொட விடமாட்டேன், இது சத்தியம்.

உங்கள் வாயாடித் தங்கச்சி,
பொன்னி