சாமி மேடைக்குப் பின்னால் ஈரம்

வெள்ளிக்கிழமை இரவு, புக்கிட் காத்தில் வீடு

மாமனார் இறந்ததிலிருந்து சாமி மேடையை வெள்ளைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறோம். பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை தீட்டு. வீட்டில் யாரும் தொடக் கூடாது. மாடி பாத்ரூம் பைப் மேடைக்குப் பின்சுவருக்குள்தான் கசிகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் மகள் காவியாவின் கட்டில். ஒரு வாரமாக அவளுக்கு இளைப்பு.

காலையில் துணியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். முருகன் படத்துக்குப் பின்னால் சுவரெல்லாம் கறுப்பாகப் பூசணம். இவரிடம் சொன்னேன்.

"பதினாறு முடியட்டும்லா. இப்ப சாமிய தொட்டு வெனைய இழுத்து வெக்காத."

"புள்ளைக்கு மூச்சு வாங்குதுங்க."

"மருந்து குடு." வேலைக்குப் போய்விட்டார்.

நான் படங்களைத் தொடவில்லை. பக்கத்து வீட்டு லெட்சுமி அக்காவுக்குத் தீட்டு இல்லையே, அவரைக் கூப்பிட்டேன். "வாசல்ல வெச்சிட்டு, குளிச்சிட்டு உள்ள எடுத்துக்கிறேன், கவலப்படாத" என்று படங்கள் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போனார். நான் பிளீச் ஊற்றிச் சுவரைத் தேய்த்தேன். துணியைப் பழையபடி மாட்டிவிட்டேன்.

நாளை பைப் செய்கிறவர் வந்து சுவரை உடைப்பார். அதற்குள் இவரிடம் சொல்லியாக வேண்டும். சாப்பிட்டதும் சொல்லலாம் என்றிருந்தேன். காவியா உள்ளே இருமினாள். இவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய்த் துணிக்கு முன்னால் நின்றார். கை கூப்பவில்லை. "முருகா, புள்ளைய பாத்துக்க" என்றார், மெதுவாக.

துணிக்குப் பின்னால் ஈரச் சுவர்தான் இருந்தது. சொல்ல வந்ததை விட்டுவிட்டு, இவருடைய தட்டை மூடி வைத்தேன்.